கூட்டு சேர்ந்த தேடுபொறிகள்

இன்டர்நெட்டை அதட்டி வேலை வாங்கிவிடலாம் என்று நம்பிய ஒரே மனிதர் எங்கள் ஏலக்கார அண்ணன்தான். குளச்சலில் மீன் ஏலம் விடுகிறவர். 2006-இல் தக்கலையில் நான் பிரவுசிங் சென்டர் நடத்தினேன். அவர் வந்து வாயைத் திறந்தால், ஹெட்போன் மாட்டித் துபாய்க்குப் பேசிக்கொண்டிருப்பவர்களிடம், "அங்க என்ன சண்டை?" என்று அந்தப் பக்கத்திலிருந்து கேள்வி வரும்.

அவர் மனைவிக்குத் தசைகள் ஒவ்வொன்றாகச் செயலிழக்கும் அபூர்வ நோய். மருந்தே கிடையாது என்று டாக்டர் கைவிரித்துவிட்டார். அண்ணன் நம்பவில்லை. நோயின் பெயர் எழுதிய சீட்டை என்னிடம் நீட்டினார். நான் ஒரு தேடுபொறியில் அடித்தேன்.

"ஒருத்தன்ட்ட மட்டும் கேட்டு மீன விப்பாவளா மக்கா? எல்லாவன்ட்டயும் கேளு!"

அதற்கும் ஒரு தளம் இருந்தது. ஒரே கேள்வியைப் பல தேடுபொறிகளுக்கு அனுப்பி, பதில்களையெல்லாம் ஒரே பக்கத்தில் தரும். அண்ணனுக்குப் பரம திருப்தி. பதில்தான் சரியில்லை. எல்லாத் தேடுபொறிகளும் டாக்டர் சொன்னதையே சொல்லின.

அண்ணன் மேசையில் ஓங்கி அடித்தார். "கூட்டு சேந்துட்டானுவ, பாத்தியா!"

வியாபாரிகள் முன்கூட்டியே பேசிவைத்துக்கொண்டு ஏலத்தில் விலையை ஏறவிடாமல் அமுக்குவதுண்டு. அதே சூழ்ச்சிதான் இதுவும் என்று முடிவுகட்டிவிட்டார். மறுநாள் ஒவ்வொரு தேடுபொறியையும் தனித்தனியாகத் திறக்கச் சொன்னார். ஸ்கிரீன் பக்கம் குனிந்து குரலைத் தாழ்த்தி, "மத்தவனுவ கேக்க மாட்டானுவ. நீ தைரியமா சொல்லு" என்றார். அன்று நான் விழுந்து விழுந்து சிரித்தேன். இன்று நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

மாதக்கணக்கில் வந்தார். பிறகு வரவில்லை. அண்ணன் மனைவி போய்விட்டார் என்று சேதி வந்தது. அடக்கத்துக்குப் போனேன்.

ஒரு மாதம் கழித்து அதே சீட்டோடு வந்து நின்றார்.

"ஒருக்கா பாரு மக்கா."

"இனி எதுக்கு அண்ணே?"

"பாருலே."

பார்த்தேன். "இப்பவும் மருந்து இல்ல அண்ணே."

"எல்லாவனும் அதத்தான் சொல்லுகானா?"

"எல்லாரும்தான்."

அண்ணன் துண்டால் முகத்தைத் துடைத்தார். "அப்பம், நான் தேடாம விட்டதுனால அவ போவல்ல. இல்லியா?"

"அதனால இல்ல அண்ணே."

தலையாட்டிவிட்டு பஸ்ஸுக்குப் போனார். நான் அவர் போன பிறகு அழுதேன்.

பிரவுசிங் சென்டரை மூடி வருடங்கள் ஆகின்றன. இப்போதும் அவ்வப்போது அந்த நோயின் பெயரைப் போனில் தேடிப் பார்க்கிறேன். மருந்து வரட்டும், யாராவது பிழைக்கட்டும். வந்துவிட்டால், அண்ணன் காதுக்கு மட்டும் எட்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.