தலையைத் தொடாமல் ஒரு பல் வைத்தியம்

தலைவரின் தலையைத் தொடாமல் தலைவரின் பல்லை எப்படிச் சுத்தம் செய்வது என்று மெசாக்கேவுக்குப் பல் மருத்துவப் பள்ளியில் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. மூன்று வருடம் படித்தான். சுறாவுக்கு எத்தனை வரிசைப் பல் என்பதுகூடச் சொல்லிக்கொடுத்தார்கள். இதை விட்டுவிட்டார்கள்.

பெரியவர் நாற்காலியில் வந்து உட்கார்ந்துவிட்டார். சர்ச்சுக்குப் போட்டுப் போகும் கறுப்புக் கோட்டு, டை, இடுப்பில் மடிப்புக் கலையாத சூலு வேட்டி. நெற்றியெல்லாம் வியர்வை. முகாம் நடந்த ஊர்ப் பள்ளி வகுப்பறையின் எல்லா ஜன்னல்களிலும் ஊர் நின்றது.

மெசாக்கே உதவியாளர் லைசானியைக் கரும்பலகைப் பக்கம் இழுத்துக்கொண்டு போனான்.

"தலையைத் தொடக் கூடாது."

"யாரு தலையை?"

"அவரு தலையைத்தான். நீ நாண்டியில வளர்ந்தவ, ஓட்டல் வாசல்ல நின்னு வெள்ளைக்காரனுக்குப் பூ மாட்டின ஊரு, உனக்குத் தெரியாது. வெளித்தீவுல தலைவர் தலைன்னா அவங்க அம்மாவுக்கு அப்புறம் யாரு கையும் படக் கூடாது. அவரைவிட உசரமா நிக்கவும் கூடாது."

"தாடை?"

"தாடை தலையில சேர்த்தியா இல்லையான்னுதான் யோசிக்கிறேன்."

"கழுத்துக்கு மேல எல்லாமே தலைதான் அண்ணே. நீ என்ன அவரு தோளையா சுத்தம் பண்ணப் போற?"

மெசாக்கே ஜன்னல் பக்கம் திரும்பினான். வெளியே மாமரத்தடியில் ஒரு தாய் உட்கார்ந்திருந்தாள். மடியில் ஆறு வயதுப் பெண். வலது கன்னம் ரொட்டி மாதிரி உப்பியிருந்தது. கடைவாய்ப் பல்லில் சீழ். இன்றைக்கு எடுக்காவிட்டால் கழுத்துக்கு இறங்கும். காலையிலேயே அவன் கெஞ்சிப் பார்த்தான். "தலைவர் சொல்லட்டும்" என்பதைத் தவிர அவள் வேறு எதுவும் சொல்லவில்லை.

போன வருடம் வந்த குழு பெட்டியைக்கூடத் திறக்காமல் தலைநகர் சுவாவுக்குத் திரும்பியது. தலைவர் தலையசைக்காததால் எண்பது பிள்ளைகளில் ஒன்றுகூட வாயைத் திறக்கவில்லை. இந்த வருடமும் அப்படியே. நான்கு மணிக்கு நீர் வற்றும். அதற்குள் படகு கிளம்பிவிட வேண்டும். இப்போது மணி ஒன்று.

அறிமுகம் செய்துவைக்க வேண்டிய ஊர் நர்ஸ் பிரசவம் பார்க்கப் பக்கத்து ஊருக்குப் போய்விட்டாள். காலையில் முறைப்படி, தலைவருக்குக் காணிக்கையாக, பானம் கரைக்கும் யங்கோனா வேர்க்கட்டைக் கொண்டுபோய் வைத்தபோதும் தலைவர் தோட்டத்தில் இருந்தார். அவருடைய பேச்சாளர்தான் வாங்கிக்கொண்டு கைதட்டி வாழ்த்தினார். இப்போது அறிமுகம் தேவைப்படவில்லை. கோட்டே சொல்லியது.

மெசாக்கே நாற்காலிக்குப் போனான். பத்தடி தள்ளியே முட்டி போட்டான். மீதி தூரத்தை முட்டியாலேயே நடந்தான். ஜன்னல்களில் ஒரு முனகல் எழுந்தது.

பெரியவர் மிரண்டு போய் லைசானியைப் பார்த்தார். "டாக்டர் எதுக்கு மண்டி போடுறாரு?"

"அது அப்படித்தான் ஐயா."

"எல்லாருக்குமா?"

மெசாக்கே நெகிழ்ந்துபோனான். எவ்வளவு பெரிய மனிதர், எவ்வளவு அடக்கம்! "ஐயா, எத்தனை நாளா வலி?" என்றான்.

"எனக்கு வலியெல்லாம் இல்ல. வலிக்குமான்னு தெரிஞ்சுக்கத்தான்..."

"வலிக்கவே வலிக்காது. என் உயிரு அதுக்குப் பொறுப்பு. வாயத் திறங்க."

திறந்தார். மெசாக்கே அண்ணாந்து பார்த்து அப்படியே உறைந்துபோனான். கீழ் முன்பற்களுக்குப் பின்னால் கல் படிந்திருந்தது. ஒரு பல்லின் மேல் ஒன்றிரண்டு துளி இல்லை. ஆறு பற்களையும் சேர்த்துக் கட்டிய ஒரே சுவர். ஈறு சிவந்து வீங்கி அந்தச் சுவரை விட்டு ஒதுங்கியிருந்தது. எத்தனை வருடத் தேநீர், எத்தனை கரண்டிச் சர்க்கரை!

"துலோ, ஐயா" என்றான். யாருடைய தலைக்கு மேலாவது கை நீட்டினால் மன்னிப்புக் கேட்டுச் சொல்லும் வார்த்தை அது. ஈறுக்கு ஒரு துலோ, ஊசிக்கு ஒரு துலோ, கன்னத்துக்கும் ஈறுக்கும் இடையில் பஞ்சு வைக்க இரண்டு துலோ. ஒரு விரலும் கன்னத்தில் படாமல், கரண்டிக் காம்பால் உதட்டை விலக்கியே எல்லாவற்றையும் செய்தான். ஐந்து நிமிடத்தில் பெரியவரின் நாக்கும் கீழுதடும் மரத்துப்போயின.

இனிமேல்தான் வேலை. முட்டி போட்ட இடத்திலிருந்து அவனுக்குத் தெரிந்தது பெரியவரின் மூக்குத் துவாரம் மட்டும்தான். எழுந்து நின்றால் வாய் தெரியும். எழுந்து நின்றால் ஊர் கோபித்துக்கொள்ளும், படகும் கிளம்பிவிடும்.

"அவரை மேல தூக்கிடு" என்றான்.

"எங்க?"

"ரெண்டு பெஞ்சு போட்டு, நாற்காலியை அது மேல வை. நான் கீழ இருந்து பாக்குறேன்."

"காருக்கு அடியில படுத்து எண்ணெய் மாத்துற மாதிரியா?"

"தூக்கு, லைசானி."

நான்கு இளைஞர்கள் வந்து நாற்காலியைப் பெரியவரோடு சேர்த்துத் தூக்கிப் பெஞ்சின் மேல் வைத்தார்கள். பெரியவர் இரண்டு கையையும் ஆட்டினார். "வேணாங்குறாரு பாரு, என்ன பணிவு!" என்று மெசாக்கே லைசானியின் காதில் சொன்னான்.

உயரம் சரியாகிவிட்டது. வெளிச்சம் போய்விட்டது. விளக்கின் ஒயர் அவ்வளவு தூரம் எட்டவில்லை. லைசானியின் ஒரு கையில் நீர்க்குழாய், மறு கையில் துப்பும் பாத்திரம். மெசாக்கே பையிலிருந்து டார்ச்சை எடுத்தான். பிடிக்க ஆள் வேண்டும். ஜன்னலில் எல்லோருக்கும் முன்னால் ஒரு பருத்த ஆள், கிழிந்த ரக்பி பனியன், முழங்கால் வரை சேறு, உள்ளே தலையை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே! ஏ குண்டண்ணே! சும்மாதான நிக்கிற, இங்க வந்து டார்ச்சப் பிடி!"

அந்த ஆள் தனக்குப் பின்னால் திரும்பிப் பார்த்தார். பின்னால் இருந்த எல்லோரும் அவரையே பார்த்தார்கள். ஒருவர் வாயைத் திறந்தார். பருத்தவர் ஒரு விரலை உயர்த்தினார்; திறந்தவர் வாயை மூடிக்கொண்டார்.

உள்ளே வந்தார். டார்ச்சை வாங்கினார். நாற்காலிப் பக்கத்தில் நின்றுகொண்டு வாய்க்குள் எட்டிப் பார்த்தார்.

மெசாக்கேவுக்குப் பதறியது. "யோவ், உட்காருய்யா! பெரியவர் முன்னாடி மரம் மாதிரி நிக்கிறியே, ஊர்ப் பழக்கம் தெரியாதா உனக்கு?"

பருத்தவர் ஒரு நொடி யோசித்தார். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

அடுத்த நொடி ஜன்னல்களில் ஒருவரும் இல்லை. வெளியே ஊர் மொத்தமும் தொப்பென்று தரையில் உட்கார்ந்த சத்தம் கேட்டது. குழந்தைகளை இழுத்து உட்காரவைக்கும் சத்தம். ஒரு கிழவரின் மூட்டுச் சத்தம். நாய் மட்டும் நின்றது. அதையும் யாரோ அமுக்கினார்கள்.

மெசாக்கேவின் கை மயிர் சிலிர்த்தது. "பாத்தியா லைசானி! இதுக்குப் பேருதான் மரியாதை. சுவாவுல மந்திரி வந்தாக்கூட இப்படி இல்ல."

அதே நேரத்தில் நாற்காலியில் இருந்தவர் துள்ள ஆரம்பித்தார். கீழே உட்கார்ந்த பருத்தவரைப் பார்த்தார், கண் பிதுங்க, ஒரு காலைப் பெஞ்சிலிருந்து தொங்கவிட்டார். பெஞ்சு ஆடியது.

"ஆ! ஆ! ஆ!" என்றார்.

"வலிக்குதா ஐயா?"

இல்லை என்று பலமாகத் தலையாட்டினார். மறுபடி இறங்கப் பார்த்தார்.

"விழுந்துருவாரு! கட்டு!"

"தலைவரையா?"

"இடுப்பு தலை இல்ல, கட்டு!"

லைசானி துண்டால் அவரை நாற்காலியோடு சேர்த்துக் கட்டினாள். பெரியவர் கண்ணிலிருந்து நீர் கொட்டியது. டார்ச் பிடித்தவரைப் பார்த்து இரண்டு கையையும் கூப்பினார். டார்ச் பிடித்தவர் பரவாயில்லை என்பதுபோல் தலையசைத்தார்.

"டார்ச்ச ஆட்டாத!" என்றான் மெசாக்கே.

கொக்கிக் கருவியைக் கல்லின் அடியில் கொடுத்தான். துலோ. சுரண்டினான். துலோ. பெரியவர் துப்பியதை லைசானி பாத்திரத்தில் ஏந்தினாள். "கொட்டிராத" என்றான் மெசாக்கே. "அவரு எச்சில். கண்ட இடத்துல போகக் கூடாது. இலை போட்டு மூடி வை."

"வச்சு? சட்டம் போட்டு மாட்டவா?"

கீழேயிருந்து கனமான, நிதானமான குரல் வந்தது. "அந்தப் பின்னாடி இருக்கறது பல்லா?"

"பல்லு இல்லய்யா. கல்லு. தினமும் சாப்பிட்டது ஒட்டி, சரியா விளக்காம, வருஷக்கணக்குல இறுகிப் போனது. இதுதான் ஈறைத் தின்னுது. ஈறு போனா பல்லு ஆடும். ஆடினா விழும்."

"விளக்கினா ரத்தம் வருதே. வந்தா நிறுத்திடணும்னுதான இங்க எல்லாரும்..."

"நிறுத்தினா அதுக்குக் கொண்டாட்டம். ரத்தம் வர்ற இடம்தான் அழுக்கு இருக்கற இடம். ஈறும் பல்லும் சேர்ற ஓரத்துல, மெத்துனு, ரெண்டு வேளை. படுக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு. ரெண்டு வாரத்துல நின்னுடும். நிக்கலைன்னா வந்து காட்டணும்."

"வீட்டுக்கு ஒரு பிரஷ் போதுமில்ல?"

மெசாக்கே வேலையை நிறுத்தினான். "உங்க வீட்ல எல்லாருக்கும் சேர்த்து ஒரே வாயா?"

வெளியே யாரோ சிரிக்க ஆரம்பித்துச் சட்டென்று நிறுத்தினார்கள்.

"தேத்தண்ணிக்கு நாலு கரண்டி சர்க்கரை?" என்றது குரல்.

"கேள்வி கேட்டது போதும். கைய உசத்து."

அப்போதுதான் கல் அசைந்தது. மெசாக்கே மூச்சைப் பிடித்தான். ஓரத்தில் ஒரு நெம்பு. டக். சுவர் முழுதாகப் பெயர்ந்து அவன் உள்ளங்கையில் விழுந்தது. பவளப்பாறையின் ஒரு துண்டு மாதிரி, மஞ்சளும் கறுப்புமாக, ஓட்டை ஓட்டையாக. அது இருந்த இடத்தில் லைசானி நீரைப் பீய்ச்சினாள். சிவப்பு வழிந்தோடியது. பின்னால் ஆறு பற்கள். ஆறும் வெளுப்பாக, இடையில் கீற்று வெளிச்சத்தோடு, அன்றைக்குத்தான் முளைத்தவை மாதிரி நின்றன.

எத்தனையோ வாய்களில் கல் எடுத்தவன் அவன். இருந்தும் அவற்றிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை. இருபது வருடம் இருட்டில் கிடந்தும் அந்தப் பற்கள் சாகவில்லை. யாராவது வந்து கதவைத் திறப்பார்கள் என்று இருந்த இடத்திலேயே இருந்திருக்கின்றன. உடம்பு என்பது எவ்வளவு பொறுமை பிடித்த பொருள்! அதற்கு நாம் செய்வதெல்லாம் எவ்வளவு அற்பம்! அவனுக்கு ஏனோ கோபம் வந்தது.

கல்லை ஊருக்குக் காட்ட எழுந்தான். ஒரு மணி நேரம் முட்டி போட்டதில் கால் செத்திருந்தது. தடுமாறி, பக்கத்தில் அகப்பட்டதை எட்டிப் பிடித்தான். டார்ச் பிடித்தவரின் அடர்ந்த நரைமுடிக்குள் ஐந்து விரலும் புதைந்தன.

திறந்த வாசலுக்கு வெளியே உட்கார்ந்திருந்தவர்களிடமிருந்து ஒரே மூச்சில் "ஓ" என்று சத்தம் வந்தது. ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். பேச்சாளர் கண்ணை மூடிக்கொண்டார்.

"பாருங்க!" என்று மெசாக்கே கல்லை உயர்த்திக் காட்டினான். "எல்லார் வாயிலயும் இதுதான் இருக்கு!"

ஒருவரும் கல்லைப் பார்த்த மாதிரி தெரியவில்லை. பிரமித்துப் போயிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டான். மற்ற பற்களையும் முடிக்க இன்னும் அரை மணி பிடித்தது. அதற்குள் நான்கு தடவை எழுந்து நான்கு தடவை உட்கார்ந்தான். ஒவ்வொரு தடவையும் அதே தலை வாகாக இருந்தது. ஒரு தடவை கண்ணாடியைக்கூட அதன் மேல் வைத்துவிட்டுக் கையுறை மாற்றினான்.

கடைசியில் பருத்தவர் டார்ச்சை அணைத்தார். நாற்காலியில் இருந்தவரை அண்ணாந்து பார்த்துக் கேட்டார். "உலையாசி, வலிச்சுதா?"

நாற்காலியில் இருந்தவர் இல்லை என்று தலையாட்டினார்.

"நெசமா?"

சத்தியமாக இல்லை என்று மறுபடி ஆட்டினார்.

பருத்தவர் ஜன்னல் பக்கம் திரும்பினார். "அந்தப் பிள்ளையைக் கொண்டாங்க. அப்புறம் வரிசையா எல்லாரும் வாங்க. நானும் உட்காரப் போறேன்."

மாமரத்தடியிலிருந்து அந்தத் தாய் எழுந்தாள். குனிந்தபடி, பிள்ளையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உள்ளே வந்து முட்டி போட்டாள். அவளுக்குப் பின்னால் எண்பது பிள்ளைகளும் சத்தமில்லாமல் வரிசை கட்டினார்கள்.

மெசாக்கேவுக்கு எரிச்சலாக இருந்தது. "நீ யாருய்யா கூப்பிடறதுக்கு? அதெல்லாம் தலைவர் சொல்லணும்." நாற்காலியைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினான். "துலோ, ஐயா. பஞ்ச எடுத்துட்டு, உங்க வாயால ஊருக்கு ஒரு வார்த்தை சொல்லிருங்க." கட்டை அவிழ்க்க, பக்கத்துத் தலையில் கையை ஊன்றி எழுந்தான்.

நாற்காலியில் இருந்தவர் பஞ்சை வெளியே எடுத்தார். பாதி மரத்த உதட்டைச் சரிசெய்துகொண்டு, மெதுவாகச் சொன்னார்.

"நான் தலைவர் வீட்டுச் சமையல்காரன் டாக்டர், வலிக்குமான்னு பாக்க என்னை முதல்ல உட்காரச் சொன்னாரு, தலைவரு, நீங்க இப்ப யாரு தலையில கைய ஊனி எந்திரிக்கிறீங்களோ, அவருதான்."