பதினாறு எண்ணுக்குப் பலன்

காலையில் எழுந்தேன். பல் தேய்த்தேன். பால் காய்ச்சினேன். சட்டைக்கு இஸ்திரி போட்டேன். மனைவி இறந்த பிறகு என் காலை இவ்வளவுதான். அதையும் முடிப்பதற்குள் மாமனார் வாசலில் நின்றார். பின்னால் மாமியார்.

“கிளம்புங்க மாப்பிள்ளை. கூட்டம் சேர்ந்துடும்.”

ஊரே அங்கேதான் போய்க்கொண்டிருந்தது. மூடிக்கிடந்த செருப்புக் கடையின் மாடியில் எண் வித்தகர் எழுந்தருளியிருந்தார். கிரெடிட் கார்டின் எண்களைக் கூட்டிப் பார்த்து, அது இணையத் திருடர்களிடம் சிக்குமா என்று சொல்லிவிடுவாராம்.

வந்தவர்கள் மகா எச்சரிக்கையானவர்கள். பக்கத்தில் நிற்பவர் பார்த்துவிடக் கூடாதென்று கார்டை மார்போடு அணைத்திருந்தார்கள். உள்ளே போனதும் முன்பக்கப் பதினாறு எண், காலாவதி மாதம், பின்பக்க மூன்று எண், எல்லாவற்றையும் ஒப்பித்தார்கள். பாதுகாப்புக்காக.

“பின்னாடி நம்பர் எதுக்குங்க?” என்றார் ஒருவர்.

“தலையெழுத்துல பாதியை மட்டும் படிச்சா போதுமாய்யா?” என்றார் வித்தகர்.

உதவியாளப் பெண் அனைத்தையும் போனில் தட்டிக் ‘கணக்கு’ப் போடுவாள். உடனே கார்டுக்காரரின் போனுக்கு ஓடிபி வரும். அதற்கு அங்கே பெயர், எண் தேவதையின் பதில். செய்தியைப் படிக்கக் கூடாது. எண்ணை மட்டும் உரக்கச் சொல்ல வேண்டும். படித்தால் பலிக்காது. படித்தால் பலிக்காது என்பது மட்டும் உண்மை.

மாமியாரின் முட்டி அறுவைச் சிகிச்சைக்கு மறுநாள் மருத்துவமனையில் பணம் கட்ட வேண்டும். மாமனாரின் கார்டை விட்டால் வேறு வழி இல்லை. அந்தக் கார்டோடுதான் வரிசையில் நின்றார்.

மாமியார் என் பக்கம் குனிந்தார். “அவ கார்டு உங்க பர்ஸ்ல இருக்கா?”

இருந்தது. அவள் இறந்த வாரமே வங்கி அதை முடக்கிவிட்டது. எறியத் தோன்றவில்லை. எடுத்துக் கொடுத்தேன்.

எங்கள் முறை வந்தது. மாமனார் பர்ஸைத் திறப்பதற்குள் மாமியார் நாற்காலியில் உட்கார்ந்தார்.

“என் பொண்ணு கார்டுங்க.”

வித்தகர் கூட்டினார். கண்ணை மூடினார். “அமோகமான எண்! இதை வெச்சிருக்கறவங்களுக்கு நூறு வயசு.”

நான் சுவரைப் பார்த்தேன்.

“கார்டுக்கு?” என்றார் மாமியார்.

“இரும்பும்மா. சின்னதா ஒரு தோஷம். தேவதை பதில் சொல்லட்டும், சரியாயிடும்.”

தேவதை பேசவில்லை. உதவியாளப் பெண் மறுபடி தட்டினாள். மறுபடியும்.

“ஐயா, போக மாட்டேங்குது.”

“தேவதைக்குத் தொண்டை கட்டிக்கிச்சா?” மாமியார் அவள் போனைப் பிடுங்கிக் கூட்டத்துக்குக் காட்டினார். திரையில் ஆன்லைனில் வாங்கக் காத்திருந்த பெரிய டிவி ஒன்று. கீழே என் மனைவியின் கார்டு எண். அதற்கும் கீழே சிவப்பு எழுத்தில்: பணம் செலுத்த இயலவில்லை.

“என் பொண்ணு செத்து வருஷம் ஒண்ணாச்சு. கார்டும் கூடவே செத்துச்சு. நூறு வயசாம்!”

“ஐயோ, நானும் சொல்லித் தொலைச்சிட்டேனே!” என்று ஒருவர் அலறினார். கூட்டம் வித்தகரின் சட்டையைப் பிடித்தது.

“அவரை அப்புறம் அடிங்க. முதல்ல பேங்குக்குப் போன் போட்டுக் கார்டை நிறுத்துங்க” என்றார் மாமியார்.

மாமனார் பர்ஸைச் சத்தமில்லாமல் உள்பைக்குள் தள்ளினார்.

மாமியார் மேசைமேல் ஏறி ‘மூடர்களே, விழித்தெழுங்கள்’ என்று முழங்கியதாக இப்போது தெருவில் பேசிக்கொள்கிறார்கள். அந்த முட்டியை வைத்துக்கொண்டு மேசைமேல் எங்கே ஏறுவது? நடந்தது வேறு. உள்ளே வர முறை கிடைக்காதவர்கள் அவர் முன்னால் புதிதாக வரிசை கட்டினார்கள். கார்டை நீட்டினார்கள்.

“அம்மா, இது பத்திரமான்னு நீங்களே பார்த்துச் சொல்லிடுங்க.”

அவர் கடைசியாகச் சொன்னது இதுதான்:

“என்கிட்ட எதுக்குய்யா நீட்டறீங்க? நான் யாருன்னு உங்களுக்குத் தெரியுமா?”