பின்னறை வெளிநாடு

“திங்கட்கிழமையிலேர்ந்து நான் வெளிநாட்டுல இருக்கேன்” என்று என் மனைவியிடம் அறிவித்தேன்.

அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். என் சட்டை ஒன்றின் காலரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, “டிக்கெட் யாரு எடுத்துத் தர்றாங்க?” என்றாள்.

“டிக்கெட்டே வேண்டாம்.”

“நடந்தா போறீங்க?”

அவளுக்கு உயர்கல்வியைப் பற்றி விளக்க வேண்டியதாயிற்று. வாசகர்களுக்கும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். நான் கல்லூரியில் சமூகவியல் நடத்துகிறவன். எங்கள் துறைத் தலைவர் இந்த வருடத்தோடு ஓய்வு பெறுகிறார். அந்த நாற்காலிக்கு இரண்டு பேர் போட்டி. ஒருவன் நான். இன்னொருவரைச் ‘சான்றிதழ்’ என்று கூப்பிடுவோம். எந்தக் கருத்தரங்கில் எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்வார். சாப்பாட்டு டோக்கனைக்கூட லேமினேட் செய்து வைத்திருப்பதாகக் கேள்வி.

வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றோடு சேர்ந்து இணையத்தில் ஒரு பாடம் நடத்த முதல்வர் ஆள் தேடினார். நான் முந்திக்கொண்டேன். அங்கே ஒரு பேராசிரியை, இங்கே நான். இரண்டு ஊர் மாணவர்களும் ஸ்க்ரீனில் ஒரே வகுப்பு. யாரும் விமானம் ஏற வேண்டாம். ஆனாலும் கல்லூரி ஆணையில் என்னை அந்தப் பல்கலைக்கழகத்தின் ‘வருகைதரு பேராசிரியர்’ என்றே போட்டிருந்தார்கள். பாடம் ஒழுங்காக முடிந்தால் நாற்காலி எனக்கு. சொதப்பினால் சான்றிதழுக்கு. கல்லூரி இணையம் சாயங்காலமானால் படுத்துவிடும் என்பதால் வீட்டிலிருந்தே நடத்தவும், பாடம் முடியும் வரை கல்லூரிப் பக்கம் வராமலிருக்கவும் அனுமதி வாங்கிவிட்டேன்.

“அப்ப உடம்பு இங்க, ஆளு அங்க” என்றாள் அவள்.

“கரெக்டா புரிஞ்சுக்கிட்டே.”

“கல்யாணம் ஆனதிலேர்ந்தே அப்படித்தானே இருக்கீங்க.”

இந்த மாதிரிப் பேச்சுக்கெல்லாம் நான் பதில் சொல்வதில்லை. பதில் தெரிந்தால் சொல்ல மாட்டேனா?

உண்மையை உங்களிடம் மட்டும் சொல்கிறேன். வகுப்பு சாயங்காலத்தில் மட்டும்தான். மிச்ச நேரத்துக்கும் சேர்த்தே வெளிநாடு போய்விடுவது என்பது என் சொந்தத் திட்டம். தண்ணீர் கேன் தூக்குவது, கடைக்குப் போவது, போய் வாங்கி வந்ததை மாற்றிவர மறுபடி போவது, இஸ்திரி போடுவது எல்லாம் என் தலையில். வெளிநாட்டில் இருக்கிறவனைக் கூப்பிட்டுக் குப்பை கொட்டச் சொல்ல எந்த மனைவியாலும் முடியாது.

“நான் இருக்கிற இடம் பின்னறை. கதவு சாத்தியிருந்தா நான் ஊர்ல இல்லைன்னு அர்த்தம். அவசரம்னா போன் பண்ணு.”

அவள் மடித்த சட்டையை அடுக்கின் மேல் வைத்தாள். “சரிங்க. கதவுக்கு அந்தப் பக்கம் வெளிநாடு, இந்தப் பக்கம் வீடு. உடம்பைப் பாத்துக்கங்க.”

இவ்வளவு சுலபமாக அவள் எதற்கும் தலையாட்டியதில்லை. எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். படிப்பின் மேல் அவளுக்கு மரியாதை வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

பின்னறையில் பழைய பெட்டிகளும், ஒரு காலுக்கு அட்டையை மடித்து முட்டுக்கொடுத்த கட்டிலும், யாரும் தைக்காத தையல் மெஷினும் இருந்தன. மெஷின் மேல் லேப்டாப்பை வைத்தேன். தாழ்ப்பாள் போட்டேன். வெயில் ஏறும் வரை தூங்கினேன். அப்படி ஒரு தூக்கம் எனக்கு மாப்பிள்ளையாவதற்கு முன்னால்தான் கடைசியாக வாய்த்தது.

எழுந்தபோது காபி இல்லை. போன் செய்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் எடுத்தாள். அவள் குரல் போனிலும் சுவர் வழியாகவும் இரண்டு தரம் கேட்டது.

“காபி எங்கே?”

“அங்க கிடைக்கலையாங்க?”

“விளையாடாதே. ஒரு டம்ளர் கொண்டு வந்து குடு.”

“அவ்வளவு தூரம் வர்றதுக்குள்ள ஆறிப்போயிடுமே.”

மதியச் சாப்பாடு தாமதமாக வந்தது. டப்பாவை நியூஸ்பேப்பரில் சுற்றி, சணலால் கட்டி, என் பெயருக்கு முன்னால் ‘பேராசிரியர்’ என்று எழுதி, கதவுக்கு வெளியே வைத்திருந்தாள். சோறு சில்லிட்டுப் போயிருந்தது.

“ஏன் இவ்வளவு லேட்டு?” என்று போனில் கேட்டேன்.

“சுங்கத்துல நிறுத்தி வெச்சிருப்பாங்க.”

குளியலறைக்குப் போக நான் ஹாலைக் கடந்துதான் ஆக வேண்டும். கடந்தேன். அவள் என்னை நிமிர்ந்தே பார்க்கவில்லை. திரும்பி வந்து தாழ்ப்பாள் போட்டதும் போன் அடித்தது.

“என்னங்க, இப்ப யாரோ ஹால் வழியா போன மாதிரி இருந்துச்சு. நீங்களும் ஊர்ல இல்ல. எனக்குப் பயமா இருக்கு. தம்பியை வந்து கூட இருக்கச் சொல்லிட்டேன்.”

என் மச்சான் அன்று சாயங்காலமே பையோடு வந்தான். என் ஸ்கூட்டர் சாவியை எடுத்துக்கொண்டான். நான் இருந்த வரைக்கும் எங்கள் வீட்டில் விருந்தாளியாகக் கால் நீட்டிக் கிடந்தவன், நான் இல்லாத வீட்டில் சொன்ன வேலையைச் செய்தான். தண்ணீர் கேனை அவன் தோளில் வைத்துக்கொண்டு போவதைக் கதவிடுக்கு வழியாகப் பார்த்தேன். வயிற்றெரிச்சலாக இருந்தது.

இதற்கு மேல் இறங்கிப் போனால் என் மானம் போய்விடும். நானும் விடவில்லை. ஒன்றே ஒன்றில்தான் எச்சரிக்கையாக இருந்தேன். அவள் சாப்பிட்டு முடித்துவிட்டால் எனக்குப் பார்சல் கட்ட ஒன்றும் மிஞ்சாமல் போகலாம். அதனால் தினமும் மதியம் போன் செய்து, “நீ சாப்டியா?” என்று கேட்டுவிடுவேன்.

வகுப்பு மட்டும் ஜாம் ஜாம் என்று நடந்தது. பாடத்தின் தலைப்பு ‘வீட்டு வேலையை யார் செய்கிறார்கள்?’ இடுப்புக்கு மேலே டையும் இடுப்புக்குக் கீழே பழைய பைஜாமாவுமாக உட்கார்ந்து, வேலையைச் சமமாகப் பகிர்ந்துகொள்வது பற்றி நான் பேசிய பேச்சைக் கேட்டு, அந்த வெளிநாட்டுப் பேராசிரியை தலையைச் சாய்த்துச் சாய்த்துக் குறிப்பெடுத்தார். அவர் ஒரு ஏற்பாடு சொன்னார். இரண்டு நாட்டு மாணவர்களும் கலந்து குழுக்களாகப் பிரிய வேண்டும். ஒவ்வொரு குழுவும் ஒரு குடும்பத்தோடு பாடம் முடியும் வரை வீடியோவில் பேசி ஆராய வேண்டும். எந்தக் குடும்பம் என்பது ஆசிரியர்களுக்குக்கூடத் தெரியக் கூடாது. வெறும் எண்தான். எனக்கு வேலை குறைகிற எதையும் நான் எதிர்ப்பதில்லை. உடனே ஒத்துக்கொண்டேன்.

பக்கத்து வீட்டுக் கண்டக்டரின் மகள் என் மாணவி. அந்த நாட்களில் அவள் எங்கள் சமையலறைக்கு அடிக்கடி வந்துபோனாள். சுவர் வழியாகச் சிரிப்புச் சத்தம் கேட்கும். நடுநடுவே யாரோ வெளிநாட்டுக்காரர்கள் பேசுவது போலவும் கேட்கும். போனில் ஏதோ படம் பார்க்கிறார்கள் என்று விட்டுவிட்டேன்.

கடைசி வகுப்பு. ஆய்வுகளைப் படிக்கும் நாள். முதல்வர் தன் அறையிலிருந்து ஸ்க்ரீனில் வந்தார். அவர் தோளுக்குப் பக்கத்தில் சான்றிதழ், குறை கண்டுபிடிக்கத் தோதாக முன்னால் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

நான்காவது குழுவில் கண்டக்டர் மகளும் இரண்டு வெளிநாட்டு மாணவர்களும். தலைப்பு: ‘கணவர் வெளிநாட்டில் இருக்கும் குடும்பம்.’ வீடியோவில் ஒரு பெண். முகத்தை மங்கலாக்கியிருந்தார்கள். கீழே அந்த ஊர் மொழியில் எழுத்து ஓடியது. முகத்தை என்ன மங்கலாக்கினாலும் குரல் எனக்குத் தெரியாதா? அதைத்தான் தினமும் இரண்டு தரம் கேட்கிறேனே.

“வீட்டுக்காரர் போனதுக்கப்புறம் உங்களுக்கு வேலை கூடிடுச்சா?” என்று கண்டக்டர் மகள் கேட்டாள்.

“குறைஞ்சிருக்கு. ஒரு வேலையை அவரைச் செய்ய வைக்கிறது அந்த வேலையைவிடப் பெரிய வேலை. இப்ப அது இல்ல.”

வெளிநாட்டுப் பையன் ஏதோ கேட்டான். கண்டக்டர் மகள் அதைத் தமிழில் சொன்னாள்: “பிரிவு கஷ்டமா இல்லையான்னு கேக்குறான் அக்கா.”

மங்கலான முகம் போனுக்கு நெருங்கி வந்தது.

“மொதல்ல விளையாட்டா இருந்துச்சு. இப்பல்லாம் தினமும் போன் பண்ணி, ‘நீ சாப்டியா’ன்னு கேக்குறார். இத்தனை வருஷம் ஒரே வீட்ல இருந்தோம். ஒரு நாளும் கேட்டதில்ல. தூரமாப் போனாத்தான் அக்கறை வரும் போல.”

வெளிநாட்டுப் பேராசிரியை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். முதல்வர் தொண்டையைச் செருமினார். நான் எதற்காகக் கேட்டேன் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். வெட்கமாக இருந்தது. எழுந்து கதவைத் திறந்துகொண்டு போய்விடலாமா என்றுகூடத் தோன்றியது, ஆனால் கீழே பைஜாமா.

கண்டக்டர் மகள் முகத்தில் துளிச் சிரிப்பும் இல்லாமல் முடிவுரையைப் படித்தாள். கணவர் இல்லாத வீட்டில் வேலை குறைந்திருக்கிறது. கணவன் மனைவிக்குள் பேச்சு கூடியிருக்கிறது. அவர் அங்கேயே தொடர்ந்து இருப்பது குடும்பத்துக்கு நல்லது.

சான்றிதழ் கையைத் தூக்கினார். “அந்தக் கணவர் நிஜமாவே வெளிநாட்டுலதான் இருக்காரா? யாராவது சரிபார்த்தீங்களா?”

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். இல்லை என்று சொன்னால் ஆய்வு பொய், பாடம் பொய், நாற்காலி அவருக்கு.

“நானே சரிபார்த்தேன்” என்றேன்.

“எப்படி?”

“நேர்ல.”

கண்டக்டர் மகள் தன் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அந்தக் குழுவுக்கு முழு மார்க் போட்டேன். பேராசிரியைக்கு அது போதவில்லை. இந்தக் குடும்பத்தை இன்னும் ஒரு வருடம் தொடர்ந்து ஆராய வேண்டும், கணவரின் நிலைமை மட்டும் மாறாமல் இருக்க வேண்டும் என்றார். முதல்வருக்கு வாயெல்லாம் பல். “துறைத் தலைவர்ங்கிற முறையில நீங்களே ஒப்புதல் குடுத்துடுங்க சார்” என்றார். அந்த வார்த்தை என் காதில் தேனாகப் பாய்ந்தது. வார்த்தைக்கு முன்னாலும் பின்னாலும் என்ன இருந்தது என்று கவனிக்காமல் கொடுத்துவிட்டேன்.

தாழ்ப்பாளைத் திறந்து சமையலறைக்கு ஓடினேன். அவள் அடுப்படியில் நின்றபடி கண்டக்டர் மகளிடம் பேசி முடித்துப் போனைக் கீழே வைத்தாள்.

“நாற்காலி எனக்குத்தான். நான் வீட்டுக்கே வந்துட்டேன். இனிமே தண்ணி கேன், கடை, இஸ்திரி எல்லாம் நானே பாத்துக்கறேன். நீ கேக்கவே வேண்டாம். சத்தியமா சொல்றேன்.”

அவள் திரும்பி என்னை நன்றாகப் பார்த்தாள். ரொம்ப நாளைக்கப்புறம் நேருக்கு நேர். கண்ணில் பாசம்கூடத் தெரிந்தது. புடவைத் தலைப்பால் என் நெற்றி வியர்வையைத் துடைத்துவிட்டாள்.

“ஆராய்ச்சி கெட்டுடுமேங்க. இன்னும் ஒரு வருஷந்தானே, பல்லைக் கடிச்சுக்கிட்டு அங்கேயே இருந்துட்டு வாங்க.”