லெவல் அங்கிளின் சூப்பர்வைசர்

இந்த உலகத்தில் எதுவுமே நேராக இல்லை என்று லெவல் அங்கிள் அளவுக்கு உறுதியாக நம்பியவர் சிட்னியில் வேறு யாரும் இருக்க முடியாது. அவர் தொழில் டைல் ஒட்டுவது. தரையின் மட்டம் பார்க்கும் லெவல் கட்டை எப்போதும் கையில் இருக்கும். கல்யாணத்துக்குப் போனால் மணமேடையில் வைத்துப் பார்ப்பார். தேவாலயத்தில் பூசைக்குப் போனால் பெஞ்சில் வைத்துப் பார்ப்பார். ஒரு பிறந்தநாள் விழாவில் கேக்கின் மேல் வைக்கப் போனபோது அவர் மனைவி, எங்களுக்கெல்லாம் அன்ரி, கையைத் தட்டிவிட்டார். அவருடைய சொந்தப் பெயர் அவர்கள் வசித்த பென்டில் ஹில் பகுதியில் அன்ரியைத் தவிர யாருக்கும் தெரியாது.

அவர்கள் வீட்டின் பின்னறையில் இரண்டு வருடம் வாடகைக்கு இருந்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலை முதலில் மிதித்தவள் நான். மிதித்தவள் சும்மா திரும்பவில்லை, சிவில் இன்ஜினியரிங்கில் மாஸ்டர்ஸ் முடித்துவிட்டுத்தான் வெளியே வந்தேன். இதை இங்கே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. காரணம் இல்லாவிட்டாலும் சொல்லியிருப்பேன். படித்தவர்கள் மேல் அங்கிளுக்கு மிகுந்த மரியாதை. அவர்கள் சொல்வதைக் கேட்கும் பழக்கம் மட்டும் கிடையாது.

ஒரு நாள் லிட்கம்மில் குளியலறை வேலைக்குப் போனவர், வேனில் ஒரு கண்ணாடிக் கூண்டோடு திரும்பி வந்தார். உள்ளே முழங்கை நீளத்தில், கழுத்தைச் சுற்றி முள் தாடி வைத்த ஓணான். பியர்டட் டிராகன் என்று இங்கே கௌரவமாகச் சொல்வார்கள்.

“உதென்ன, முதலைக்குட்டியே?” என்று அன்ரி வாசலிலேயே மறித்தார்.

“ஓணான்.”

“மன்னாரில நாங்கள் இதைக் கல்லெறிஞ்சு கலைக்கிறனாங்கள். நீங்கள் கூட்டில வைச்சுக் கொண்டு வாறியள்!”

“மெல்லக் கதையும். அவருக்குக் கேக்கும்.”

விஷயம் இதுதான். அங்கிள் ஒட்டி முடித்த சுவரை அந்த வீட்டு ஓணான் தலையை இடப்பக்கம் சரித்து, ஒற்றைக் கண்ணால் நெடுநேரம் பார்த்திருக்கிறது.

“முப்பது வருசமா டைல் ஒட்டுறன் பிள்ளை. ஒரு கஸ்டமரும் என்ர வேலையை அப்பிடி உத்துப் பாத்ததில்லை. எனக்குச் சந்தேகம் வந்து லெவலை வைச்சுப் பாத்தன். இடப்பக்கம் ஒரு நூல் இறக்கம்! எனக்கே தெரியேல்லை, அவருக்குத் தெரிஞ்சிருக்கு!”

அந்தக் கணமே ஓணானுக்கு ‘சூப்பர்வைசர்’ என்று பெயர் வைத்துவிட்டார். அந்த லிட்கம் வீட்டுக்காரர் ஊர் மாறுகிறவர், அதை யாரிடமாவது ஒப்படைக்கக் காத்திருந்தவர். அங்கிள் அதை வளர்க்க முறைப்படி லைசென்ஸும் எடுத்துவிட்டார். எடுத்த கையோடு கூண்டுக்குத் தரை போட்டார். ஏதோ ஹோட்டல் வேலையில் மிஞ்சிய, முகம் தெரியும் அளவுக்குப் பளபளக்கும் வெள்ளை டைல். பசை போட்டு, மூலைக்கு மூலை மட்டம் பார்த்து ஒட்டினார். எங்கள் குளியலறையில் ஆறு மாதமாக ஒரு டைல் ஆடிக்கொண்டிருந்ததை அன்ரி அப்போது நினைவூட்டினார். அங்கிள் கூண்டின் அடுத்த மூலைக்கு மட்டம் பார்த்தார்.

சூப்பர்வைசர் புதுத் தரையிலும் தலையை இடப்பக்கமே சரித்தார். அங்கிள் கூண்டு இருந்த மேசைக் காலுக்கு ஆப்பு வைத்தார். சூப்பர்வைசர் மறுபடி தலையைச் சரித்தார். இன்னொரு ஆப்பு. பிறகு சோபாவுக்கு, ஃபிரிட்ஜுக்கு, கடைசியில் என் கட்டிலுக்கும். இரண்டு வாரம் நான் தலை மேடாகப் படுத்துக் கிடந்தேன்.

“நீ இஞ்சினியர். சொல்லு, இந்த வீடு சரிஞ்சிருக்கோ இல்லையோ?”

“வீடு சரியாத்தான் இருக்கு அங்கிள். ஓணான்தான் சரிஞ்சிருக்கு.”

“படிச்சும் என்ன பிரயோசனம்” என்று போய்விட்டார். ஒரு அரியர் இல்லாமல் படித்தவளிடம்!

ஆனால் சூப்பர்வைசர் வட்டமாக நடக்கத் தொடங்கினார். கரப்பான் பூச்சியைக் குறிவைத்துப் பாய்ந்தால் அதற்கு நான்கு விரற்கடை தள்ளிப் போய் விழுந்தார். ஒரு நாள் விடியும்போது, மல்லாந்து கிடந்து கால்களை உதைத்துக்கொண்டிருந்தார். அங்கிள் லெவல் கட்டையைத் தேடவில்லை. வேன் சாவியைத் தேடினார்.

மிருக ஆஸ்பத்திரியில் நர்ஸ் “சூப்பர்வைசர்?” என்று கூப்பிட்டதும் அங்கிள் சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு எழுந்தார். டாக்டர் இளம்பெண். பரிசோதித்து முடித்து நிதானமாகச் சொன்னார்: இது நரம்புக் கோளாறு, முழுசாகக் குணமாகாது. ஆனால் நல்ல வெளிச்சம், சுண்ணாம்புச் சத்துப் பொடி, விழாத இடம் எல்லாம் கொடுத்தால் சந்தோஷமாகவே வாழலாம். இப்போதைய ஆபத்து பட்டினிதான், எடை இறங்கிக்கொண்டே போகிறது. மூன்று வாரத்தில் தானாகச் சாப்பிடத் தொடங்கவில்லை என்றால், வலியில்லாமல் அனுப்பிவைப்பதைப் பற்றி யோசிக்க வேண்டியிருக்கும்.

நான் மொழிபெயர்த்தேன். அங்கிளுக்கு எல்லாமே முன்பே புரிந்திருந்தது. என்றாலும் நான் மொழிபெயர்த்து முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு, “அனுப்புறதோ? எங்க அனுப்புறது?” என்று என்னைக் கேட்டார்.

அன்றிலிருந்து குசினி, அதுதான் சமையலறை, ஆஸ்பத்திரி ஆனது. கீரையையும் பூச்சியையும் மிக்சியில் அரைத்து, ஊசியில்லாத சிரிஞ்சில் எடுத்து, அங்கிள் அதன் வாயில் சொட்டுச் சொட்டாகத் தீத்துவார். அன்ரி கதிரையில் உட்கார்ந்து வர்ணனை கொடுப்பார்.

“எனக்குக் காய்ச்சல் எண்டு மூண்டு நாள் கிடந்தன். ஒரு தேத்தண்ணி போட்டுத் தந்தவரோ எண்டு கேள் பிள்ளை.”

“நீர் வாயைத் திறந்து கேப்பீர். அவர் பாவம், கேக்க மாட்டார்.”

அந்த ஞாயிறு, பூசை மன்றாட்டில் ‘நோயுற்றிருக்கும் சூப்பர்வைசருக்காக’ என்று அங்கிள் எழுதிக் கொடுத்துவிட்டார். சனம் முழுதும் உருக்கமாக வேண்டிக்கொண்டது. வெளியே வந்ததும் ஆளுக்கு ஆள் விசாரித்தார்கள்.

“வேலை இடத்து ஆளோ? இப்ப எப்பிடி இருக்கிறார்?”

“இன்னும் வட்டமாத்தான் நடக்கிறார். நான்தான் தீத்துறன்.”

“வீட்டில வைச்சோ?”

“ஓம். ஒவ்வொரு நாளும் குளிக்க வாக்கிறதும் நான்தான்.”

இப்படி ஒரு தொழிலாளி கிடைக்க அந்த சூப்பர்வைசர் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே எல்லோரும் போனார்கள். அன்று மாலையே வீட்டுக்கு இரண்டு பை திராட்சையும் ஒரு பெரிய டின் ஹார்லிக்ஸும் வந்தன. ஹார்லிக்ஸை நான் குடித்தேன்.

பதினைந்து நாள் ஆகியும் சூப்பர்வைசர் தானாக ஒரு பூச்சியைக்கூடப் பிடிக்கவில்லை. டாக்டர் ஃபோனில் கூண்டின் படத்தைக் கேட்டார், அனுப்பினேன். உடனே பதில் வந்தது. தரை மிகவும் வழுக்குகிறது. அதற்கு ஏற்கெனவே சமநிலை இல்லை, கால் ஊன்றப் பிடிமானம் வேண்டாமா?

இதை அங்கிளிடம் சொல்வது எப்படி என்று எனக்குத் தெரியவில்லை. ஒட்டிய டைலைப் பெயர்ப்பது பெற்ற பிள்ளையைத் திருப்பி அனுப்புவது போல என்று சொல்கிறவர் அவர். முப்பது வருடத்தில் தான் ஒட்டிய ஒன்றைக்கூடப் பெயர்த்ததில்லை என்பதைப் பட்டம் மாதிரிச் சொல்லிக்கொள்வார்.

“அங்கிள்… டாக்டர் சொல்றாங்க, தரைதான் சரியில்லையாம்.”

“என்ர தரையோ?”

“ஆமா.”

அவர் கூண்டைத் திறந்தார். சூப்பர்வைசரை எடுத்து அன்ரியின் மடியில் வைத்தார். அன்ரி அதுவரை அதைத் தொட்டதே இல்லை, “ஐயோ மாதாவே!” என்று கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். ஆனால் தள்ளிவிடவில்லை. அங்கிள் சுத்தியலும் உளியும் எடுத்து வந்து, அந்தப் பளபளக்கும் டைலை ஒரு மூலையில் இருந்து உடைக்கத் தொடங்கினார். சில்லுகளைப் பொறுக்கும்போது கை வெட்டுப்பட்டது. நின்று பார்க்கவும் இல்லை.

சொரசொரப்பான கல் ஒன்றை வாங்கி வந்தார். ஆனால் உடனே ஒட்டவில்லை. கூண்டுக்கு முன்னால் வயிறு படக் குப்புறப் படுத்து, கழுத்தை இடப்பக்கம் சரித்து, அப்படியே அரை மணி நேரம் கிடந்தார்.

“இஞ்சாருங்கோ, உங்களுக்கும் வந்திட்டுதோ?” என்று அன்ரி பதறினார்.

“அவருக்குத் தெரியிற மாதிரி நான் பாக்க வேண்டாமோ? சாப்பாட்டுப் பக்கம் ஏறிப் போய்த் தெரியுது.”

“அங்கிள், இது நரம்புப் பிரச்சினை. தரையைச் சரிச்சா சரியாகாது” என்றேன், என் மாஸ்டர்ஸ் பட்டத்தின் முழு பலத்தோடு.

கேட்பாரா? சிட்னியில் மட்டம் இல்லாமல் அவர் கைப்பட ஒட்டிய ஒரே தரை அதுதான். சாப்பாட்டு மூலையை இறக்கி, மற்ற பக்கத்தை ஏற்றி, கண்ணளவிலேயே ஒட்டினார். சரிவை அளக்க லெவல் கட்டை உதவாது என்று அதை வேனிலேயே விட்டுவிட்டார்.

கெடு முடிய ஒரே நாள் இருந்தது. சனிக்கிழமை மதியம் நான் வெளியே போய்விட்டு வந்தபோது அவர் மறுபடியும் தரையில் குப்புறக் கிடந்தார். கையைக் காட்டி என்னை அடக்கினார். நானும் பக்கத்தில் படுத்துக்கொண்டேன். சூப்பர்வைசர் கல்லில் நகங்களை ஊன்றி நின்றார். தலை சரிந்துதான் இருந்தது. கரப்பான் ஒன்று மெல்ல இறங்கி வந்தது. முதல் பாய்ச்சல் தவறியது. இரண்டாவதும் தவறியது. மூன்றாவதில் கறுக்கென்று ஒரு சத்தம் கேட்டது.

பிடிமானம் கிடைத்ததுதான் காரணம் என்று டாக்டர் பிறகு சொன்னார். நானும் அதையேதான் சொல்வேன், படித்தவள் அல்லவா. அங்கிள் மட்டும் சரிவுதான் என்று இன்றுவரை சாதிக்கிறார்.

ஆனால் அந்த மதியம் அவர் எதையும் சாதிக்கவில்லை. சூப்பர்வைசர் மென்று விழுங்கி முடிக்கும்வரை மூச்சுக்கூட விடாமல் கிடந்தார். பிறகு மெதுவாக எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

“பிள்ளை, நீ சாப்பிட்டனியோ? அன்ரி கோயிலுக்குப் போட்டா. நான் காலமையிலயிருந்து ஒண்டும் சாப்பிடேல்லை. தனியச் சாப்பிட மனம் வரேல்லை.”

நான் அப்போதுதான் கடையில் ஒரு முழுக் கொத்துரொட்டியை முடித்துவிட்டு வந்திருந்தேன்.

“இன்னும் இல்ல அங்கிள்” என்றேன். “வாங்க, சேர்ந்து சாப்பிடலாம்.”