ஜலதோஷம் ஒழிந்த தோல் ஷாப்பு

ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பு ஒன்றில், 1932ஆம் வருஷம் ஐப்பசி மாதம், ஜலதோஷத்தை முறைப்படுத்துவது என்று தீர்மானம் ஆயிற்று. அதுவரை அது யாருடைய அனுமதியும் இல்லாமல் வந்து போய்க்கொண்டிருந்தது.

ஷாப்பில் இரண்டு வைத்தியர்கள். ஒருவர் இங்கிலீஷ் வைத்தியம் படித்த டாக்டர் சுந்தரமூர்த்தி. மற்றவர் சீன வைத்தியர் லியாங். முதலாளி சர்தார் பாஷா சாகிப் தோல் விற்கக் கல்கத்தா போனபோது, அங்கே பெரிய மனிதர்கள் சிலர் சீன வைத்தியம் பார்த்துக்கொள்வதைக் கண்டு, திரும்புகையில் ஒருவரைக் கூடவே அழைத்து வந்துவிட்டார். இருவரில் யாருக்கும் மனக்குறை வரக் கூடாது என்று விதி எழுதப்பட்டது: ஜலதோஷம் கண்ட தொழிலாளி உடனே வீடு செல்ல வேண்டும். குணமான பின், நோயின் காரணத்தை ஒரே வரியில் எழுதி இரு வைத்தியரும் கையெழுத்திட்ட தாளுடன் திரும்ப வேண்டும். பன்னிரண்டாம் நாளுக்குள் திரும்பாதவர் பெயர் அடிக்கப்படும்.

தோல் பதனிட ஆவாரம்பட்டை இடிக்கும் சவுரியம்மாள்தான் முதலில் தும்மினாள். என்ன என்று கேட்டதற்கு, ஜலதோஷம் என்று உண்மையைச் சொன்னாள். அவள் செய்த பிழை அது ஒன்றுதான்.

நாலாம் நாள் மூக்கு தானாகச் சரியாகிவிட்டது. தாளை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போனாள்.

“கிருமிம்மா. பூதக்கண்ணாடி வச்சாலும் தெரியாது.”

“தெரியாதது இருக்குதுன்னு எப்படிங்க தெரியும்?”

“தெரியாததாலதான் அது ரொம்பச் சின்னதுன்னு தெரியுது.”

‘கிருமி’ என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

லியாங் அவளுடைய இரண்டு மணிக்கட்டிலும் மும்மூன்று விரல் வைத்து வெகுநேரம் நாடி பார்த்தார். அவர் பேசிய இந்துஸ்தானியைக் காவல்கார குர்ஷித் தமிழில் சொன்னார்.

“பிடரி வழியா காத்து பூந்துடுச்சாம். குளிர் காத்தா, சூட்டுக் காத்தான்னு கேக்கறார். மூக்குல தண்ணியா ஊத்துச்சா, மஞ்சளா வந்துச்சா?”

“தண்ணியாத்தான்.”

“அப்போ குளிர் காத்து.”

வைத்தியர் கிருமியை அடித்துவிட்டு, சீன எழுத்தில் குளிர் காற்றை எழுதினார்.

டாக்டர் காற்றை அடித்தார். வைத்தியர் மறுபடி கிருமியை அடித்தார். தாளில் இடம் தீர்ந்து பின்பக்கம் திருப்பினார்கள். அவள் நன்றாக இருக்கிறாள் என்பதில் இருவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. குடிக்கச் சொன்னதும் இருவருமே இஞ்சித் தண்ணீர்தான். எதிலிருந்து நன்றாக ஆனாள் என்பதே சிக்கல்.

பதினோராம் நாள், வாசலில் குமாஸ்தா ஆதிகேசவன் முன் நின்றாள். மறுநாள் கழிந்தால் பெயர் போய்விடும்.

“நான் நல்லாத்தானே சார் இருக்கறேன்.”

“நல்லா இருக்கறதுக்கு இதுல இடமில்ல. காரணம் வேணும்.”

“ரெண்டையும் எழுதிக்கோங்க.”

“ஒரு வரிதான் வுட்ருக்குது. பேஜார் பண்ணாதே” என்றவர், அடுக்காக மூன்று தும்மல் போட்டார்.

சவுரியம்மாள் அவரைப் பார்த்தாள். அவர் முதலாளியின் அறைப் பக்கம் பார்த்தார்.

“பட்டைத் தூசி,” என்றார்.

அவள் கொஞ்சம் யோசித்தாள். “எனக்கும் அன்னிக்கு அதான் சார்.”

“ஜலதோஷம் இல்லியா?”

“தூசி.”

“அப்போ பதினோரு நாளு எங்க போயிருந்தே?”

“டாக்டர் வூட்டுக்கும் சீனாக்காரர் வூட்டுக்கும். உங்க தாளைத்தான் தூக்கிக்கினு அலைஞ்சேன்.”

அதற்கு ரிஜிஸ்தரில் இடம் இருந்தது. ‘அலுவலக நிமித்தம் வெளியே சென்றது’ என்று எழுதி, அவளை உள்ளே விட்டார்.

சங்கதி சாயங்காலத்துக்குள் தோல் ஊறும் எல்லாக் குழிகளுக்கும் எட்டிவிட்டது. அதன்பின் ஷாப்பில் ஒருவருக்கும் ஜலதோஷம் வரவில்லை. ‘இந்நோய் இவ்விடத்தினின்று அறவே ஒழிக்கப்பட்டது’ என்று வருஷ அறிக்கை அச்சாயிற்று. வேலூரிலிருந்து சுகாதார அதிகாரி ஒருவர் பாராட்டுப் பத்திரத்தோடு வந்தார். வாசிக்கையில் நடுவே தும்மினார். கூட்டம் மரியாதையாகக் காத்திருந்தது.

“தூசி ஜாஸ்தி,” என்றார். எல்லாரும் கை தட்டினார்கள்.

நோய் இல்லாத இடத்தில் வைத்தியர் எதற்கு என்று, அடுத்த வாரமே இரு வைத்தியரும் நன்றியறிதலுடன் விடுவிக்கப்பட்டார்கள்.

அடுத்த வருஷ மழைக்குச் சவுரியம்மாளுக்குச் சளி நெஞ்சில் இறங்கியது. உடம்பு அனலாய்க் கொதித்தது. உலக்கையை ஊன்றிக்கொண்டு நின்றாள்.

“இன்னாடி சவுரி, இப்படி இருமறே?” என்றாள் பக்கத்தில் இடித்த பூவம்மாள்.

“தூசிக்கா.”

“ஆமாண்டி,” என்றாள் பூவம்மாள், தானும் இருமி முடித்து. “இந்த வருஷம் எல்லாருக்குமே தூசி.”