கோழித்தீவன மூட்டைமேல் மூன்று வாரம்

மலாக்கா மாநிலத்திலேயே, தினமும் முப்பது மாடுகளின் வாயை மோந்து பார்த்துவிட்டுப் காலைப் பசியாறப் போன ஒரே மனிதர் எங்கள் புண்ணாக்கு அண்ணன்தான். சந்தேகம் உள்ளவர்கள் கோலா சுங்கை பாரு பக்கம் போய் விசாரித்துக்கொள்ளலாம்.

அங்கே ஒரு செம்பனை எண்ணெய்த் தோட்டத்தில் நான் கணக்கெழுதும் கிராணியாக இருந்தேன். தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்தில் பாதி வீடுகளில் மாடு உண்டு. எல்லாவற்றையும் செம்பனைக் காட்டில் மேய்த்து, மாலையில் புண்ணாக்கு வைப்பது அண்ணன் வேலை. ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முன் ஒரு ஹாஜியார் லோரியோடு வந்து காளைகளை வாங்கிப் போவார். அந்த வருஷம் என் தங்கையின் கல்யாணமே என் இரண்டு காளைகளை நம்பித்தான் இருந்தது.

அப்போதுதான் இங்கிலாந்து மாடுகளுக்குப் பைத்தியம் பிடித்த செய்தி டிவியில் வந்தது. தொண்ணூறுகளின் நடுப்பகுதி. செத்த மாட்டின் எலும்பை அரைத்து மாட்டுக்கே தீவனமாகப் போட்டதால் வந்த வினையாம். மறுநாளே அண்ணன் வீடு வீடாகக் கிளம்பிவிட்டார்.

"கோழித்தீவனத்துல எலும்புத்தூள் இருக்குலா! மாட்டுப் பக்கம் ஒரு பிடி வந்துச்சு, நான் மனுஷனா இருக்க மாட்டேன்!"

கோழிக்குத் தனி வாளி, மாட்டுக்குத் தனி வாளி. கோழித்தீவன வாடை அடிக்கிறதா என்று தினமும் காலையில் மாடுகளின் வாயை வேறு மோந்து பார்ப்பார். பக்கத்து வீட்டு அக்கா மறந்துபோய்க் கோழி வாளியில் மாட்டுக்குத் தண்ணீர் காட்ட, வாளி பறந்து கால்வாயில் விழுந்தது. இத்தனைக்கும் அண்ணன் சைவமில்லை. காட்டுப்பன்றி, நண்டு, உடும்பு எல்லாம் உள்ளே போகும். மாட்டை விட்டால் அவர் வாயிலிருந்து தப்பிய உயிர் மலாக்காவில் ஆமை ஒன்றுதான்; அதுவும் சட்டத்துக்குப் பயந்து.

நான் சும்மா இருந்திருக்கலாம். விற்பதற்கு முன் காளைக்குக் கோழித்தீவனம் போட்டுச் சதை ஏற்றுவது எங்கள் தோட்டத்துப் பழக்கம். ஒரு மூட்டை வாங்கி வந்து வாசலில் இறக்கினேன். அண்ணன் எதிரே நின்றார்.

"என்னா கிராணி இது?"

"கோழிக்குண்ணே."

"உன் வீட்டுல ஏதுடா கோழி?"

மூட்டையை உள்ளே இழுக்கப் பார்த்தேன்.

"நாம மாட்டுக்கறியத் தொட மாட்டோம். மாட்டுக்கு மட்டும் ஊட்டி விடுவியா?" என்றவர், மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார்.

உட்கார்ந்தார் என்றால், மூன்று வாரம். காளைகள் மேயப் போனால் கூடவே போவார். அவை வீடு திரும்பினால் அவரும் மூட்டைக்குத் திரும்பிவிடுவார். சாப்பாடு, பேப்பர், தூக்கம் எல்லாம் அதன்மேல்தான்.

"ஹாஜியார் இளைச்ச காளைய வாங்கலேன்னா கல்யாணத்த யாருண்ணே பண்றது, நீங்களா?" என்று கத்திப் பார்த்தேன்.

"நானே பண்றேன். எந்திரிக்க மாட்டேன்."

ஹாஜியார் வந்தார். இந்த முறை ஒரு கால்நடை அதிகாரியும் கூட வந்தார். இந்தத் தோட்டத்து மாடுகள் கோழித்தீவனம் தின்பதாக யாரோ வத்தி வைத்திருக்கிறார்கள். அதிகாரி சரி என்று சொல்லாமல் ஒரு மாடுகூட லோரியில் ஏறாது என்றுவிட்டார் ஹாஜியார். அதிகாரி நேராக என் வாசலுக்கு வந்து மூட்டையைப் பார்த்தார்.

அண்ணன் எழுந்தார். மூன்று வாரத்தில் காளைகளுக்குப் பின்னால் போக அல்லாமல் அவர் எழுந்தது அதுதான் முதல்முறை.

"துவான்! லெம்பு தியாடா மக்கான் லெம்பு!"

ஐயா, மாடு மாட்டைத் தின்னாது என்று தமக்குத் தெரிந்த மலாயில் முழங்கிவிட்டு, மூட்டையின் வாயைத் திருப்பிக் காட்டினார். கம்பெனித் தையலில் ஒரு நூல்கூடப் பிரியவில்லை. மூட்டையின் நடுவில் மட்டும் ஆழமாக ஒரு பள்ளம். இது எப்படி வந்தது என்று அதிகாரி கேட்டார். வெட்கத்தை விட்டு நடந்ததை முழுக்கச் சொன்னேன். மனிதர் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு கொட்டகை கொட்டகையாகப் போய் ஒவ்வொரு வாளியையும் சோதித்தார். புல்லையும் புண்ணாக்கையும் தவிர வேறொன்றும் இல்லை. கையெழுத்துப் போட்டார்.

லயமே விசிலடித்தது. லோரி இரண்டு நடை போயிற்று. ஹாஜியார் அண்ணனைக் கட்டிக்கொண்டதை என் கண்ணால் பார்த்தேன்.

கல்யாணம் ஜாம்ஜாம் என்று நடந்தது. தாலி ஏறியதும் தங்கை முதலில் காலில் விழுந்தது, கூடப்பிறந்த அண்ணன் நான் பக்கத்திலேயே நிற்க, புண்ணாக்கு அண்ணன் காலில்தான். எனக்கு அதில் கொஞ்சமும் வருத்தமில்லை. அவள் எழுந்ததும் அடுத்து விழுந்தவன் நான்.