பின்பக்கத்துக்குக் கிடைத்த முதல் பரிசு

அன்பும் அறிவும் ஒருங்கே வாய்த்த என் ஓரகத்திக்கு, மூத்தவள் எழுதிக்கொள்வது.

இங்கே நாங்கள் எல்லோரும் சுகமாக இருக்கிறோம். அங்கே நீயும் கொழுந்தனாரும் பிள்ளைகளும் அப்படியே இருப்பதாக வைத்துக்கொண்டு நேரே விஷயத்துக்கு வருகிறேன். சாவகாசமாக நலம் விசாரிக்கிற நிலைமையில் நான் இல்லை. போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். போனில் சொன்னால் நடுநடுவே நீ பேசுவாய். அதனால்தான் கடிதம்.

எனக்கு முதல் பரிசு கிடைத்திருக்கிறது. உடனே வாழ்த்துச் சொல்லக் கிளம்பிவிடாதே, முழுவதும் படி. இது வாழ்த்துச் சொல்கிற விஷயம் இல்லை, வயிறு எரிகிற விஷயம்.

நம் தையல் வட்டம் எவ்வளவு ஒழுங்காக நடந்துகொண்டிருந்தது என்று உனக்குத் தெரியும். நூலக மாடியில் ஜன்னலோரமாக உட்கார்ந்து தலையணை உறையோ மேசை விரிப்போ அவரவர் தைப்போம். நீ ஒவ்வொன்றையும் கையில் வாங்கி, முன்பக்கத்தைப் பார்க்காமலேயே புரட்டி, பின்பக்கத்தைப் பார்த்து உதட்டைப் பிதுக்குவாய். உன் துணியில் எது முன், எது பின் என்று உனக்கே சந்தேகம் வரும், அவ்வளவு சுத்தம். என் துணியைப் புரட்டினால் கோழி கிளறிய குப்பை மாதிரி இருக்கும். அதனால் என்ன? பின்பக்கத்தை யார் பார்க்கப் போகிறார்கள்? ஒரு லைனிங் வைத்து மூடினால் தீர்ந்தது. இத்தனை வருஷமும் அப்படித்தான் காலம் தள்ளினேன், ஒரு குறையும் வரவில்லை.

நீங்கள் இந்த வீட்டை விட்டு வேற்றூர் கிளம்பிப் போவதற்கு முந்தின மாதத்தில்தான் வட்டத்துக்கு ஒரு புது டீச்சர் வந்து சேர்ந்தார். சாமான் கட்டுகிற மும்முரத்தில் நீ அவரைப் பார்க்கவில்லை, பிழைத்தாய். 'படைப்பாற்றல் துணிக்கலைப் பயிலரங்கு' என்று வாசலில் பெரிதாக எழுதி ஒட்டினார்கள். அவர் வாயைத் திறந்தால் "விடுங்க" என்பதைத் தவிர வேறு வார்த்தை வராது, ஆகவே எங்களுக்குள் அவர் பெயர் விடுங்க டீச்சர். "ஊசி போற வழிய விடுங்க. நீங்க அத இழுத்துட்டுப் போகாதீங்க. வரைஞ்ச கோட்டு மேலயேதான் தைக்கணும்னு யார் சொன்னா?" என்று கேட்டார். "அப்புறம் எதுக்குங்க கோடு போட்டது?" என்று நான் கேட்டேன். "அதையும் விடுங்க" என்றார். நல்ல துணியைக் கிழிக்கச் சொல்லி, கிழித்த இடத்தைச் சுற்றிச் சிவப்பு நூலால் தைக்கச் சொன்னார். கிழிந்ததைத் தைக்கத்தான் நமக்குத் தெரியுமே, கிழியாததைக் கிழித்துத் தைக்க ஒரு பயிலரங்கா? நம் வட்டத்துச் செயலாளர் நர்ஸ் அக்கா இருக்கிறாரே, ஆஸ்பத்திரியில் அத்தனை பேரைத் தைத்தவர், அவரே சத்தமில்லாமல் ஒரு கைக்குட்டையைக் கிழித்துக்கொண்டிருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

முதல் வாரத்திலேயே, கடைசியில் கண்காட்சி வைக்கப்போவதாகவும், ஆளுக்கொரு துணி தைத்து வரவேண்டும் என்றும், தலைப்பு 'என் குடும்பம்' என்றும் சொன்னார்கள். மற்றவர்கள் எல்லாம் பட்டனையும் கயிற்றையும் ஒட்டி அதுதான் குடும்பம் என்றார்கள். நான் ஒழுங்காக நம் குடும்பப் போட்டோவை எடுத்து வைத்துக்கொண்டேன். ஸ்டுடியோவில் வரிசையாக நாற்காலி போட்டு எல்லோரும் உட்கார்ந்து எடுத்தோமே, அதுதான். அதை அப்படியே துணியில் இறக்கினேன். மாமியாரின் மூக்குக்கண்ணாடிக்கு ஒற்றை இழை. மாமனாரின் சட்டைப் பையில் பேனாவின் கிளிப் தெரியும். உன் கட்டம் போட்ட புடவையில் ஒரு கட்டம்கூடக் கோணவில்லை. கண் பூத்துப்போய், கழுத்து பிடித்துப்போய், வீட்டுக்காரர் "டாக்டருக்குக் குடுக்குற காச நூலுக்குக் குடு, நூலுக்குக் குடுக்குறத டாக்டருக்குக் குடு" என்று ஏதோ உளறுகிற அளவுக்குத் தைத்தேன். என் வாழ்நாளில் இப்படி ஒரு முன்பக்கம் வந்ததில்லை, இனி வரப்போவதும் இல்லை.

வழக்கம்போல லைனிங் வைக்கப் போனேன். விடுங்க டீச்சர் விடவில்லை. "மூடாதீங்க, துணி மூச்சு விடட்டும்" என்றார். சரி, சுவரைப் பார்த்து மூச்சு விட்டுக்கொள்ளட்டும் என்று பேசாமல் இருந்தேன். ஆனால் முன்பக்கத்தில் தூசி படக்கூடாதே. அதனால் மெல்லிய வெள்ளைத் துணி ஒன்றை முன்பக்கத்தின் மேல் போர்த்தி, நாலு ஓரமும் லேசாக நூல் ஓட்டி, பத்திரமாகக் கொடுத்துவிட்டு வந்தேன். மாட்டுகிறபோது பிரித்துவிடுங்கள் என்று நர்ஸ் அக்காவிடம் சொன்னேன். அவர் மாட்ட வந்த தச்சரிடம் சொல்ல மறந்தார். தச்சரைப் பிறகு பிடித்துக் கேட்டேன். அவர் நிதானமாக, "வெள்ளத் துணி வெச்சு மூடியிருந்துச்சும்மா. மூடி வெக்கிறது பின்பக்கம்தானே? அதான் செவுத்துப் பக்கம் வெச்சு அடிச்சேன்" என்றார்.

ஆக, கண்காட்சி அன்று நான் வீட்டுக்காரரையும் அழைத்துக்கொண்டு, நல்ல புடவை கட்டிக்கொண்டு போனால், நூலகக் கூடத்தில் ஒரே ஒரு துணிக்கு முன்னால் மட்டும் கூட்டம். எட்டிப் பார்க்கிறேன், என் பின்பக்கம். முடிச்சும் சிக்கலும் தொங்குகிற நூலுமாக அத்தனை பேருக்கு நடுவில் வெட்டவெளிச்சமாகத் தொங்குகிறது. எனக்கு உயிரே போய்விட்டது. அன்று வீடு திரும்பியதும், என் பின்பக்கத்தை ஊரே பார்த்துவிட்டது என்று நான் போட்ட கூச்சலில் வீட்டுக்காரர் எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினார்.

கண்காட்சியில் இதை முதல் பரிசுக்குத் தேர்ந்தெடுத்தவர் ஓவியப் பேராசிரியராம், நெஞ்சு வரைக்கும் தாடி. அவர் ஒரு குச்சியை வைத்துக்கொண்டு விளக்குகிறார். "இங்க பாருங்க, இந்தக் கறுப்பு நூல் ஒருத்தர்கிட்டருந்து இன்னொருத்தருக்குத் தாவுது. யாரையும் விட்டுட்டுப் போகல. சிக்குது, ஆனா அறுந்துபோகல. இதுதாங்க குடும்பம்" என்கிறார். எட்டுத் தலைக்கும் கறுப்பு நூல் வேண்டும். ஒவ்வொரு தலைக்கும் வெட்டி, முடிச்சுப் போட்டு, மறுபடி ஊசியில் கோக்க யாருக்குப் பொறுமை இருக்கிறது? தலைக்குத் தலை அப்படியே இழுத்துக்கொண்டு போனேன். இதைச் சோம்பேறித்தனம் என்று நீ ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறாய். அவர் இதற்குப் பாசம் என்று பெயர் வைத்துவிட்டார். பச்சை நூலில் பெரிதாக ஒரு உருண்டை இருந்தது. "இங்க ஒரு பெரிய மௌனம் இருக்கு" என்றார். அங்கே பால் பொங்கியது, போட்டுவிட்டு ஓடினேன்.

பிறகு குச்சியை ஓரத்துக்குக் கொண்டுபோனார். அங்கே ஊதா நிறத்தில் ஒரு துணித் துண்டு, பிய்ந்த விளிம்போடு, தையலுக்குள் மாட்டிக்கொண்டிருந்தது. அவர் குரலைத் தாழ்த்தி, "தன்னையே கிழிச்சு வெச்சுத் தெச்சிருக்காங்க. இத செஞ்சவங்க இந்த எடத்துல அழுதிருக்காங்க" என்றார். கூட்டத்தில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.

இதோ பார், அந்தத் துண்டு எது என்று உனக்குச் சொல்கிறேன். நீ இருக்கிற இடத்திலிருந்து எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாயாமே, "வேன் கெளம்பறப்ப அக்கா வாசலுக்குக்கூட வரல" என்று. மாமியாரிடம் சொன்னாய், என் அம்மாவிடமே சொன்னாய். நானும் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தேன். அன்று காலை நான் உள்ளே உட்கார்ந்து உன் முகத்தைத்தான் தைத்துக்கொண்டிருந்தேன். பெரிய மரச்சட்டம், மடி மேல் கிடந்தது. கண் சரியாகத் தெரியவில்லை. ஏன் தெரியவில்லை என்று நீயே யோசித்துக்கொள். வேன் ஹாரன் அடித்ததும் எழுந்தேன், எழ முடியவில்லை. உன் முகத்தை என் புடவையோடு சேர்த்துத் தைத்து வைத்திருக்கிறேன். சட்டத்தைத் தூக்கினால் புடவை முழங்காலுக்கு மேலே போகிறது. வாசலில் வேன்காரர், எதிர்வீட்டுக்காரர், கொழுந்தனார் எல்லோரும் நிற்கிறார்கள். வெட்டிவிடலாம் என்று கத்தரிக்கோலைத் தேடினால், பெட்டிக்குக் கயிறு வெட்ட நீ வாங்கிக்கொண்டு போனது திரும்பி வரவில்லை. உன்னோடு வேனில் ஏறிப் போய்விட்டது. நான் பல்லால் கடித்துப் புடவையைக் கிழித்துக்கொண்டு வாசலுக்கு ஓடி வந்தபோது தெருவில் வேனின் புகைதான் இருந்தது. இதை அப்போதே சொல்லியிருக்கலாம். சொன்னால் நீ சிரிப்பாய். நீ சிரிப்பதைக் காட்டிலும் கோபமாகவே இருந்து தொலை என்று விட்டுவிட்டேன்.

என் சொந்த விஷயத்தை ஒரு தாடிக்காரர் குச்சியால் குத்திக் காட்டினால் எனக்கு எப்படி இருக்கும்? கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய், "இது பின்பக்கம்! தப்பா மாட்டியிருக்கீங்க, திருப்புங்க!" என்று கத்தினேன். கைதட்டினார்கள். விடுங்க டீச்சர் ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டு, "பாத்தீங்களா, கடைசில விட்டுட்டீங்க!" என்று கண் கலங்கினார். நான் விடவில்லை. பேராசிரியரை இழுத்து, சட்டத்தின் ஒரு மூலையைத் தூக்கி, வெள்ளைத் துணியை விலக்கி, முன்பக்கத்தைப் பாருங்கள் என்றேன். குனிந்து பார்த்தார். "ஓ" என்றார். பிறகு, பரீட்சையில் தோற்ற பிள்ளையின் கையெழுத்தைப் பாராட்டுகிற குரலில், "நேர்த்தியா இருக்கு" என்றார். மூலையை மெதுவாக விட்டுவிட்டார். அவ்வளவுதான். என் கண்ணும் கழுத்தும் போட்ட உழைப்புக்கு அந்த ஒரு "ஓ"தான் கூலி. வீட்டுக்காரரிடம் நியாயம் கேட்டேன். "ரெண்டு பக்கமும் நல்லாத்தானே இருக்கு" என்றார். அவரிடம் கேட்டது என் தப்பு.

வருகிற சனிக்கிழமை காலை பரிசளிப்பு. அதோடு விட்டால் பரவாயில்லை, பரிசு வாங்கியவர் மேடையில் அந்தப் பின்பக்கத்தை எப்படித் தைத்தேன் என்று மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டுமாம். நான் எதைச் சொல்லிக்கொடுப்பேன்? பாலைப் பொங்கவிடச் சொல்வேனா? நான் சொல்வதை ஒருவரும் நம்பவில்லை, அடக்கம் என்கிறார்கள். ஆகவே நீ வரவேண்டும். முதல் பஸ்ஸைப் பிடித்து வந்து, எல்லோர் முன்னாலும் நின்று, இவள் தைப்பது முன்பக்கம், பின்பக்கம் வெறும் குப்பை என்று உரக்கச் சொல்லவேண்டும். என் பின்பக்கத்தின் கேவலம் உன்னைப்போல அறிந்தவர் உலகத்தில் இல்லை. முன்பக்கத்துக்கும் நீதான் சாட்சி. ஒரே ஒரு தடவை, உதட்டைப் பிதுக்கி முடித்த பிறகு, துணியை நேராகத் திருப்பி, "முன்னாடி மட்டும் ஒண்ணும் சொல்ல முடியாதுக்கா" என்று சொன்னாய். நீ மறந்திருப்பாய். நான் மறக்கவில்லை. என் முன்பக்கத்தைப் பற்றி இதுவரை ஒருத்தி நல்ல வார்த்தை சொன்னாள் என்றால் அது நீதான், அதனால்தான் இவ்வளவு மானத்தை விட்டு எழுதுகிறேன்.

கொழுந்தனாரை விசாரித்ததாகச் சொல். பிள்ளைகளின் கன்னத்தில் என் சார்பாக ஒன்று கொடு, முத்தத்தைச் சொன்னேன். எல்லா நலமும் பெற்று, என் கத்தரிக்கோலைத் திருப்பித் தருகிற நல்ல புத்தியோடு நீ நீடூழி வாழவேண்டும்.

இப்படிக்கு,
முகம் சுவரைப் பார்க்க மாட்டப்பட்டிருக்கும்
உன் அக்கா

பின்குறிப்பு: இதைத் தபாலில் போடக் கிளம்பியவள், வழியில் நூலகத்துக்குள் நுழைந்தேன். கூடத்தில் நர்ஸ் அக்கா மட்டும் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவரை நிற்கவைத்து, சட்டத்தை இறக்கி, வெள்ளைத் துணியைப் பிரித்தெறிந்து, முன்பக்கம் தெரிய மாட்டச் சொன்னேன். முணுமுணுத்துக்கொண்டே மாட்டினார். நாலடி தள்ளி நின்று, முதல் தடவையாக முழுசாகப் பார்த்தேன். குறை சொல்ல ஒன்றும் இல்லை. எட்டுப் பேரும் முழங்காலில் கை வைத்து, கழுத்தை நிமிர்த்தி, போட்டோக்காரரைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். ஒருவர் மேல் ஒருவர் கை படவில்லை. நான் அந்தக் கோடியில், நீ இந்தக் கோடியில், ஸ்டுடியோவில் எங்கே உட்காரவைத்தார்களோ அங்கேயே. அந்த எட்டுப் பேரும் ஒரு வீட்டில் இருந்தவர்கள் என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். பிறகு, திரும்பவும் பழையபடியே மாட்டிவிடுங்கள் என்றேன். "எந்தப் பக்கம்னு ஒரு முடிவுக்கு வாம்மா, ஆணி ஆடுது" என்றார் நர்ஸ் அக்கா. முடிவுக்கு வந்துவிட்டேன். மேலே எழுதியது எதையும் சனிக்கிழமை மேடையில் சொல்லிவைக்காதே. நீ மட்டும் வா. யாராவது கேட்டால், அக்கா எப்போதும் இப்படித்தான் தைப்பாள் என்று சொல். அது பொய்யும் இல்லை.